வெசன்ரோட்டின் கிழக்குப் பங்கு

கோட்டின் உள்பையில்தான் இருக்கிறது, இடப்பக்கம். அது தவநாயகத்துக்கு நிச்சயம், ஏனென்றால் கோட்டே அவருடையதுதான். பதினொரு குளிர்காலம் போட்டு முழங்கை தேய்ந்த பிறகு அலுமாரிக்குள் கிடந்ததை, முந்தநாள் தம்பி குகதாசன் மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்க, மனுசி விமலா ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாள். காலையில் குகன் குளிக்கப் போன நேரம், கொழுவியில் தொங்கிய கோட்டை அவர் ஒரு விரலால், ஒரே ஒரு விரலால்தான், அமத்திப் பார்த்தார். நீளமான கடித உறை, மூன்றாக மடித்த தடித்த தாள், மூலையில் ஒரு கிளிப். இழுத்துப் பார்த்திருக்கலாம், ஆனால் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. தானாக நின்றதோ, நிற்பாட்டிவிட்டுக் காது கொடுத்தானோ, ஆர் கண்டது. இருபத்தாறு வருசமாக முகம் பார்க்காத தம்பி. டோர்ட்மண்டில் பெண்சாதியின் சொந்தத்துக்குள் கலியாணம் என்று விசா எடுத்து வந்தவன். கலியாணம் போன வியாழன் முடிந்தது, நாளைக்குத் திரும்பிப் பறக்கவேணும், இடையில் ஆறு மணித்தியாலம் ரெயிலில் இருந்து இந்தக் காட்டுக்கரை ஊருக்கு வந்தானாம், அண்ணையைப் பார்க்க. அண்ணையைப் பார்க்க வாறவனுக்கு உறைக்குள் என்னத்துக்குக் கடதாசி? "நீங்கள் வேலை செய்யிற மாளிகையை ஒருக்கால் காட்டுங்கோவன் அண்ணை" என்று அவன்தான் கேட்டான், அதுவும் திங்கட்கிழமை பூட்டு, ஆட்கள் வரமாட்டினம் என்று விமலா வாய்விட்டுச் சொன்ன பிறகு. ஆட்கள் இல்லாத இடத்தில்தானே இப்படியான கடதாசிகளை நீட்டுவது. தவநாயகம் பெரிய கதவின் சாவியைத் திருப்பினார்.

உள்ளே வெளியை விடக் குளிர். பதினாலு வருசம் இந்தக் கதவால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார், ஒரு நாளைக்கு நாலு தரம், வெசன்ரோட் பிரபுக் குடும்பத்தின் எண்ணூறு வருசத்தை முக்கால் மணித்தியாலத்தில் ஜெர்மன் பாஷையில் சொல்லி முடிப்பார். ஒருநாளும் தமிழில் சொன்னதில்லை. சொல்ல வாய் திறந்தபோதுதான் தெரிந்தது, தமிழில் அது வேறு கதையாகிப் போகிறது என்று. முதல் வெசன்ரோட்காரன் ஒரு கோபுரமும் மூன்று கிராமமும் வைத்திருந்த குதிரைவீரன். அவன் பேரன் உப்பு ஊற்று உள்ள வீட்டில் பெண் எடுத்தான். "சீதனத்திலை உப்பு ஊத்து" என்று சொல்லிவிட்டுத் தவநாயகமே திகைத்தார், ஜெர்மன் பாஷையில் அந்தச் சொல் இவ்வளவு கிட்ட வந்து நிற்காது. இப்படிச் சீதனமும் சண்டையுமாகச் சேர்ந்து ஏழு வளவு, இரண்டு காடு, ஓர் ஆறு. குகன் கைகளைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு, வகுப்பில் முன் வாங்கில் இருக்கிற பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டு வந்தான். இந்தப் பணிவுதான் பயம். சின்ன வயதிலும் மாங்காய் களவெடுத்தால் இப்படித்தான் தலையைச் சரித்துக்கொண்டு நிற்பான். "இந்த வருசத்தோடை உங்களுக்குப் பென்சன் எல்லோ அண்ணை?" என்று நேற்றுச் சோற்றுக்கு முன்னால் கேட்டான். பென்சன் அடுத்த வருசம். ஆனால் இவனுக்கு ஏன் அந்தக் கணக்கு? பென்சன் எடுத்தால் ஊருக்கு வந்து ஐயாவின் வளவில் தன் கிழக்குப் பங்கில், பிலாமரத்தடியில், இரண்டு அறை கட்டிக்கொண்டு இருக்கலாம் என்று தவநாயகம் விமலாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். வருகிறதுக்குள் விற்றுப்போட வேணும் என்று அவசரமோ. அதுதான் அந்த உறை. அண்ணனுக்குப் பதிலாகத் தம்பியே காணியை விற்கலாம் என்று அதிகாரம் கொடுக்கிற அற்றோணிப் பத்திரம், கீழே ஒரு கோடு, கோட்டுக்கு மேலே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளடி. இஞ்சை ஒரு கையெழுத்து வையுங்கோ அண்ணை, சும்மா ஒரு கந்தோர் அலுவலுக்கு. ஏன் சந்தேகப்படக்கூடாது? சந்தேகப்பட அவரிடம் படமே இருக்கிறது.

படம் ஆவணி மாதம் போனில் வந்தது. குகனின் முகம் பாதி, சிரிப்பு, அவனுக்குப் பின்னால் புது மதில். "வேலி உக்கிப்போச்சு அண்ணை, கதியால் நட்டுக் கட்ட ஆள் இல்லை, மதிலாக் கட்டிப்போட்டன். ஒழுங்கைப் படலையிலை நிண்டு எடுத்தது" என்று கீழே எழுதியிருந்தான். தவநாயகம் படத்தை இரண்டு விரலால் பெருப்பித்தார். படலை வாசலில் நின்று வளவுக்குள் பார்த்தால் இடப்பக்கம் மேற்கு, குகனின் பங்கு. வலப்பக்கம் கிழக்கு, இவருடைய பங்கு. பிலாமரம் கிழக்கில். காணி உறுதிப் பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, ஐயா செத்த வருசம் நொத்தாரிசு வாசித்தபோது இரண்டு பேரும் பக்கத்தில் நின்று கேட்டது. படத்தில் பிலாமரம் மதிலுக்கு இடப்பக்கம் நின்றது. ஒருதரம் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருதரம் பார்த்தார். மரத்தை மதிலால் வளைத்து உள்ளே போட்டுவிட்டுச் சிரிக்கிறான், அதையும் படம் எடுத்து அனுப்புகிறான், பார் உன்னால் என்ன செய்ய ஏலும் என்கிற மாதிரி. கேட்டிருக்கலாம். விமலா என்றால் அந்த நிமிசமே போன் எடுத்துக் கேட்டிருப்பாள், அதனால்தான் அவளுக்குச் சொல்லவில்லை. கேட்டால் கள்ளன் ஆமெண்டு சொல்லவா போகிறான்? யாழ்ப்பாணத்தில் ஒரு லோயரைப் பிடித்தார். மதிலால் காணி பிடித்தாய் என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம், அதோடு குகன் கையெழுத்து வைத்து அனுப்ப ஒரு பிரகடனம்: கிழக்குப் பங்கில் எனக்கோ என் பிள்ளைகளுக்கோ எந்த உரித்தும் இல்லை, கையெழுத்து. லோயர் கெட்டிக்காரன். "கிணத்துப் பங்கையும் சேர்த்துப் போடுவமோ? பயந்தால்தான் ஆள் வழிக்கு வரும்" என்று கேட்டான். கிணறு கிழக்குப் பங்கில்தான் இருக்கிறது, ஆனால் உறுதியில் இரண்டு பேருக்கும் அரைவாசி, போக வர வழியும். குகன் வீடு குடிக்கிறதும் குளிக்கிறதும் அந்தக் கிணற்றில்தான். தவநாயகம் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு "போடுங்கோ" என்றார். கடிதம் கிடைத்ததுக்குக் கையெழுத்து வாங்கின தபால் அட்டை இன்னும் திரும்பி வரேல்லை என்று போன மாதம் லோயர் சொன்னான். அப்படியென்றால் கடிதம் இவனுக்குக் கிடைக்கவில்லை. அல்லது கிடைத்தது, வாய் திறக்காமல் இருக்கிறான். இரண்டு நாளாக விமலாவின் கணவாய்க் கறியைப் புகழுகிறான், பக்கத்து வீட்டு நாயைப் பற்றிக் கேட்கிறான், மதிலைப் பற்றி ஒரு சொல் இல்லை. மடியில் ஒன்றும் இல்லாதவன் ஒருக்கால் என்றாலும் மதிலைப் பற்றிக் கதைப்பான்.

பெரிய மண்டபத்துக்கு வந்தார்கள். நிலத்தில் சுவரில் இருந்து சுவருக்கு ஒரு பித்தளைக் கோடு. ஆட்கள் எல்லோரும் இதில் ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்துப் படம் எடுப்பார்கள். குகன் வைக்கவில்லை, கோட்டுக்கு இப்பால் நின்றுகொண்டான். கஸ்பார், யோவாக்கிம் என்று இரண்டு சகோதரர், தகப்பன் செத்ததும் பங்கு பிரித்தார்கள், கிழக்கு மூத்தவனுக்கு, மேற்கு இளையவனுக்கு, ஏழு வளவும் பிரிந்தது, மாளிகையைப் பிரிக்க ஏலாமல் நடுவில் கோடு போட்டார்கள். அடுப்பு ஒரு கிழமை அவனுக்கு, ஒரு கிழமை இவனுக்கு. "முற்றத்திலை கிணறு ஒண்டு, அதிலையும் அரைவாசி அரைவாசி" என்று சொல்லி யன்னலால் காட்டினார், பழக்கத்தில் கை தானாக நீண்டுவிட்டது, நீண்ட பிறகுதான் நாக்கைக் கடித்தார். குகன் யன்னலடியில் போய் நின்று கீழே பார்த்தான். கல்லுக்கட்டு, மேலே பாசி, இரும்பு மூடி. கனநேரம் பார்த்தான். ஒரு கிணற்றைப் பார்க்க இவ்வளவு நேரம் தேவையில்லை. "எங்கடை மாதிரி" என்றான். தவநாயகத்தின் காதுக்குள் சூடு ஏறியது. கடிதம் கிடைத்துவிட்டது. இல்லை, கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் இவ்வளவு அமைதியாகச் சொல்ல ஏலாது. கிணற்றைப் பற்றி நினைக்கிறவன் ஏன் கையைக் கோட்டுக்குள் கொண்டுபோகிறான்? உறையைத் தொட்டுப் பார்க்கிறான். இருக்குதோ என்று. இருக்கும், எங்கே போகும், என்ரை கோட்டுக்குள் வைத்துக்கொண்டு எனக்கே. ஐயா இருந்த காலத்தில் அந்தக் கிணற்றை இறைக்கிற நாளில் இரண்டு பேரும் உள்ளே இறங்குவார்கள், இவர் சேறு அள்ளிக் கொடுக்க அவன் மேலே கட்டி அனுப்புவான், ஊற்றுக் கண் திறக்கிற இடத்தில் கால் வைத்தால் பனிக்கட்டி மாதிரி. ஒருதரம் கயிறு அறுந்து வாளி விழுந்தபோது குகன்தான் இவரைச் சுவரோடு தள்ளினான், அவன் தோளில் அந்தக் காயம் இன்னும் இருக்கவேணும். அதை இப்ப ஏன் நினைக்கவேணும். அதெல்லாம் அந்த நாள், மனிசர் மாறுவினம், சண்டைக்காலம் முழுக்க அந்த மண்ணில் கிடந்து பட்டவன் எனக்குத்தான் முழுக்க என்று நினைத்திருப்பான், நினைக்கிறதிலும் ஒரு நியாயம் இருக்கும், அதனால்தான் இன்னும் கூடப் பயப்படவேணும். நியாயம் உள்ள கள்ளனை விடப் பொல்லாதவன் இல்லை.

"பங்கு பிரிச்ச பிறகு ஒத்துமையா இருந்தினமோ?" என்று குகன் கேட்டான். தவநாயகம் அடுத்த அறைக் கதவைத் திறந்தார். இந்த அறையில்தான் ஆட்கள் சிரிக்கிறது. சுவரில் ஒரு செப்புத்தகட்டு அச்சுப்படம், வெசன்ரோட் மாளிகையும் சுற்றியுள்ள நிலமும், ஆறு, ஆலை, புல்வெளி. "இருந்தினம், ஒரு நாலு வருசம். பிறகு இந்தப் படம் வந்துது." ஆலையடிப் புல்வெளி ஆற்றுக்குக் கிழக்கே, கஸ்பாரின் பங்கில். படத்தில் அது மேற்குக் கரையில். இளையவன் யோவாக்கிம் படத்தைக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் வைத்தான், பாருங்கோ, அச்சடிச்சுக் கிடக்கு, புல்வெளி என்ரை. முப்பத்தெட்டு வருசம் வழக்கு. ஏழு வளவில் நாலு வழக்குக்குள் போனது. பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் ஒருவன் கண்டுபிடித்தான்: செதுக்கினவன் மாளிகையைக் கண்ணால் கண்டபடியே செப்பில் செதுக்கிவிட்டான், தாளில் அமத்த இடம் வலமாகிவிட்டது. "படம் முழுக்க மறுபக்கம். கோபுரத்தைப் பார், உண்மையா வலப்பக்கம் நிக்கிறது, இதிலை இடப்பக்கம். புல்வெளி இஞ்சையிருந்து நடந்து போகிற தூரம். முப்பத்தெட்டு வருசத்திலை ஒருத்தனும் போய்ப் பாக்கேல்லை." ஜெர்மன்காரர் இந்த இடத்தில் கட்டாயம் சிரிப்பார்கள், அப்போது தவநாயகம் சட்டைப்பையில் இருந்து சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்துப் படத்துக்கு எதிரே பிடிப்பார், கண்ணாடிக்குள் கோபுரம் சரியான பக்கத்துக்குப் போய்விடும், எல்லோரும் ஆ என்பார்கள். இன்று சட்டைப்பையைத் தடவினார், கண்ணாடி வேலை உடுப்போடு வீட்டில். "பரவாயில்லை அண்ணை, இப்பிடி வந்து நில்லுங்கோ, ரெண்டு பேரும் ஒரு படம் எடுப்பம்" என்று குகன் போனை நீட்டிப் பிடித்தான். தோளோடு தோள் முட்டியது. கோட்டுக்குள் உறை சரசரத்தது. தவநாயகம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார், சிரிக்கவில்லை. குகன் எடுத்த படத்தைக் காட்டினான். இரண்டு கிழட்டு முகம், ஒரே மூக்கு, ஐயாவின் மூக்கு. பின்னால் அச்சுப்படம். அதில் கோபுரம் வலப்பக்கம் நின்றது. "பாருங்கோ, உங்கடை கண்ணாடி வேலையை இது செய்யுது" என்று குகன் சிரித்தான். "முன்னுக்கு இருக்கிற கமெராவாலை எடுத்தால் எல்லாத்தையும் இடம் வலம் மாத்திப்போடும். மூத்தவள் எத்தினை தரம் சொன்னவள், அதை மாத்தலாம் அப்பா எண்டு. எனக்கு எங்கை மாத்திறது எண்டு தெரியாது."

தவநாயகம் போனைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தார். வலப்பக்கம் கோபுரம். இடப்பக்கம் பிலாமரம். படலையில் நின்று, போனை நீட்டிப் பிடித்து, பாதி முகம், சிரிப்பு. அவன் முகம் பாதி தெரிந்தால் அவன்தானே எடுத்தது, வேறு ஆரும் எடுத்தால் முழு முகம் தெரியும். பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்த படம், மரத்தின் பொந்து வரைக்கும் பார்த்தது, முகத்தைப் பார்க்கவில்லை. இல்லை, அவசரப்படக்கூடாது, இதுவும் ஒரு சூழ்ச்சியாக இருக்கலாம், இப்ப இதை எனக்குக் காட்டத்தான் இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தவன், ஆனால் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தது நானெல்லோ, இந்தப் படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு வந்ததும் நான். மரம் கிழக்கில். மதில் மரத்துக்கு மேற்கே. எப்போதும் அங்கேதான். பதினாலு வருசம், ஒரு நாளைக்கு நாலு தரம், இந்தச் சுவருக்கு முன்னால் நின்று, ஒருத்தனும் போய்ப் பார்க்கவில்லை என்று சொல்லி ஆட்களைச் சிரிக்க வைத்தது ஆர்? லோயருக்கு இன்றைக்கே போன் எடுக்கவேணும். அங்கே இப்ப பின்னேரம், கந்தோரில் இருப்பான். கடிதம் போய்ச் சேராவிட்டால் மறிக்கலாம். குகனுக்குத் தெரியாமலே முடித்துப்போடலாம். நாளைக்கு விமான நிலையத்தில் நல்ல ஜம்பர் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். "அண்ணை, என்ன, முகம் வெளிறிப்போச்சு, இருக்கப்போறீங்களோ?" "இல்லை, குளிர். வா, கடைசி அறை ஒண்டு இருக்கு." போனைக் கொடுத்தார். முகத்தில் எதையும் அவன் கண்டிருப்பானோ. கண்டால் என்ன நினைப்பான். இன்னும் அந்த உறைக்குள் என்ன என்று தெரியாதே, அற்றோணிப் பத்திரம் என்றால் வைத்துக் கொடுத்துவிடலாம், விற்கட்டும், போகட்டும், கையெழுத்துத்தானே.

நீல அறை. நடுவில் கறுத்த மேசை, சுற்றிச் சிவப்புக் கயிறு. மனம் ஒரு பக்கம் லோயரின் இலக்கத்தைத் தேட, வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனது. வழக்கில் அழிந்த பிறகு வெசன்ரோட் குடும்பம் ஒரு சட்டம் வைத்தது: இனிப் பங்கு இல்லை, மூத்தவனுக்குத்தான் முழுக்க. இளையவன் ஒவ்வொருவனும் இருபத்தொரு வயதில் இந்த மேசைக்கு வந்து, எனக்கும் என் பிள்ளைகளுக்கும் உரித்து இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைக்கவேணும். இளையவன் நின்றபடி வைக்கவேணும். மூத்தவன் எதிரே இருக்கவேணும். "வைச்சு முடியிற வரைக்கும் மூத்தவன் கண்ணை எடுக்கக்கூடாது. அதுவும் சட்டம். தம்பியிட்டை இருந்து என்ன வாங்கிறான் எண்டு அவன் பாக்கவேணுமாம்." இருநூற்றுச் சொச்சம் வருசத்தில் முப்பத்தொரு பேர் இதில் நின்று கையெழுத்து வைத்தார்கள், இன்றைக்கு மிச்சம் இந்த மாளிகையும் ஒரு காடும். சொல்லி முடித்தபோதுதான் தான் என்ன சொன்னார் என்று அவருக்கே கேட்டது.

குகன் கோட்டுக்குள் கையை விட்டு உறையை எடுத்தான். தையல் விட்ட இடத்தில் மாட்டி, இரண்டு தரம் இழுக்கவேண்டி வந்தது. உறையின் மூலையில் அச்சடித்திருந்த பெயர், லோயரின் பெயர். தவநாயகம் அதைத் தூரத்திலேயே வாசித்தார்.

"புரட்டாதியிலை வந்தது அண்ணை. நான் கையெழுத்து வைச்ச அட்டையைத் தபால் கந்தோரிலை தொலைச்சிருப்பினம். வீட்டிலை ஒருத்தருக்கும் காட்டேல்லை. நீங்கள்தான் எழுதுவிச்சனீங்களோ, வேறை ஆரும் உங்கடை பேராலை செய்யினமோ எண்டு தெரியேல்லை. போனிலை கேக்கிற கதையோ இது. முகத்தைப் பாத்துக் கேப்பம் எண்டுதான் கலியாணத்தைச் சாட்டி வந்தனான்." கயிற்றுக்கு மேலால் கையை நீட்டித் தாளை மேசையில் விரித்தான். "ரெண்டு நாளாப் பாத்திட்டன். நீங்கள்தான்."

"குகன், அந்தப் படம்..." என்றார் தவநாயகம்.

"மதில் பிலாவுக்கு மேற்கைதான் அண்ணை. என்ரை பங்குக்குள்ளை நாலடி விட்டுத்தான் கட்டினனான், நாளைக்கு வேர் மதிலை வெடிக்கப்பண்ணினால் உங்கடை மரத்தை வெட்டவேண்டி வரும் எண்டு. கிணத்தடிக்குப் போக ஒரு சின்னப் படலை விட்டிருக்கிறன். அதைக் கல்லு வைச்சு அடைக்கலாம், பெரிய வேலை இல்லை. குழாய்த் தண்ணி அடுத்த வருசம் எங்கடை ஒழுங்கைக்கும் வருமெண்டு சொல்லினம்." அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் தவநாயகம் பிழைத்திருப்பார். குகன் அவருடைய சட்டைப்பையில் இருந்து பேனையை, சின்ன வயதில் எடுக்கிற மாதிரிக் கேளாமலே, எடுத்தான்.

"வேண்டாம். குகன், வையாதை, நான் பிழையா..." என்று தவநாயகம் கையைப் பிடிக்கப் போனார். கண் கலங்கி, தலை தானாகத் தாழ்ந்தது.

"பாருங்கோ அண்ணை" என்றான் குகன். "கண்ணை எடுக்கக்கூடாதெண்டு இப்பதானே சொன்னீங்கள்."

தவநாயகம் நிமிர்ந்து பார்த்தார். குகன் நின்றபடி, குனிந்து, முதலில் ஐயாவின் பெயரின் முதலெழுத்தையும், பிறகு தன் பெயரையும், ஐயா இரண்டு பேருக்கும் சிலேட்டில் பழக்கின மாதிரி ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் எழுதினான். ஒரு கையெழுத்து வைக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று, பதினாலு வருசம் இந்த மேசைக்கு முன்னால் கதை சொல்லியும், அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.